ஆகாயத்தில் கொதிக்கும் இஞ்சின்

உங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா? அதன் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. இஞ்சினின் சூட்டை வாங்கி, வீசும் காற்றிடம் ஒப்படைப்பதே அவற்றின் வேலை.

செஸ்னா 172 என்னும் நான்கு பேர் அமரும் சிறு விமானமும் இப்படித்தான் குளிர்கிறது. அதில் ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம். மோட்டார் சைக்கிள் சூடேறினால் மர நிழலில் நிறுத்திவிடலாம். ஒரே இஞ்சின் உள்ள விமானத்தை நடு ஆகாயத்தில் எங்கே நிறுத்துவது?

இன்று அந்த விமானத்தில் பொருத்தப்படுவது அமெரிக்காவின் லைக்காமிங் இஞ்சின். அதன் சிலிண்டர் தலைக்கு உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ். வரம்பு இருக்கிறதே என்று அதிலேயே ஓட்டலாமா? கூடாது. இஞ்சின் நெடுநாள் உழைக்க வேண்டுமானால், வேகமாகப் பறக்கும்போதும் 224 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள் என்கிறது லைக்காமிங். அலுமினியம் சூடேறச் சூடேறப் பலம் இழக்கும். வால்வு கெடும், சிலிண்டர் தலையில் விரிசல் விழும்.

அதிகச் சூடு எப்போது? மேலே ஏறும்போதுதான். இஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது. விமானமோ மெதுவாகப் போவதால் காற்று போதவில்லை. அப்போது விமானி விமானத்தின் மூக்கைச் சற்றுத் தாழ்த்துவார். ஏற்றம் குறையும்; வேகமும் காற்றும் கூடும். பெட்ரோலையும் தாராளமாக விடுவார். மிகுதியான பெட்ரோல் சூட்டைத் தணிக்கும்.

இறங்கும்போது இதற்கு நேர்மாறு. சட்டென்று விசையைக் குறைத்தால் சூடான உலோகம் திடீரென்று குளிரும். நிமிடத்திற்குச் சுமார் 28 டிகிரிக்கு மேல் குறைய விடக்கூடாது என்பது லைக்காமிங்கின் அறிவுரை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

புறப்படும் முன்பே ஒரு வேலை உண்டு. இஞ்சினுக்குக் காற்று புகும் வாயை விமானி குனிந்து பார்ப்பார். அங்கே குருவி கூடு கட்டியிருந்தால் போதும், காற்று தடைபட்டுவிடும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தடுப்புப் பட்டைகள் கிழிந்திருந்தாலும் அப்படியே. காற்று எளிய வழியில் நழுவிவிடும். சிலிண்டர் வெந்து போகும்.

ஒரு கூடு, ஒரு கிழிசல்! உயிர் காப்பது சின்னச் சின்னக் கவனம்தான். இன்று மாலை உங்கள் மோட்டார் சைக்கிளின் தகடுகளிலும் சேறு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இஞ்சின் ஆறியபின் கழுவி விடுங்கள்.