சிறகைக் கொண்டு பழ ஈக்களை இனமறிதல்

மாங்கனியிலும் பாகற்காயிலும் புழு வைப்பது ஈயே என்பதை விவசாயிகள் பெரும்பாலும் அறிவர். ஆனால் இரண்டிலும் வைப்பது ஒரே ஈயன்று என்பதை அறிந்தவர் சிலரே. இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று.

சில வருஷங்களுக்கு முன், மாந்தோப்பை அடுத்த ஒரு பாகற்பந்தலில் காய்கள் வெம்பி உதிர்வதாக அதன் சொந்தக்காரர் முறையிட்டார். நான் மீதைல் யூஜினால் தோய்த்த பொறிகளைப் பந்தலில் தொங்கவிடச் செய்தேன். ஒரு வாரத்தில் பொறிகள் ஈக்களால் நிறைந்தன. அவருக்கும் எனக்கும் பரம திருப்தி. காய்களோ முன்போலவே அழுகின. அதன் பின்னரே செத்த ஈக்களை வெள்ளைக் காகிதத்தில் பரப்பி நோக்கினேன். பாகலுக்குரிய ஈ அவற்றுள் ஒன்றுகூட இல்லை. அனைத்தும் மாந்தோப்பினின்று வந்தவை. முதல் நாளே பார்க்கவேண்டியதைப் பாதி விளைவு போன பின் பார்த்தது என் பிழையே.

இவற்றை இனம் பிரிக்க ஒரு சிறு பூதக்கண்ணாடி போதும். முதலில் சிறகை நோக்குக. கொடிக்காய்களுக்குரிய ஈயின் சிறகில் முன்னோரமாகச் செல்லும் பழுப்புப் பட்டை நுனியில் அகன்று ஒரு பெரும் புள்ளியாக முடியும். சிறகின் பின்பாகத்திலுள்ள குறுக்கு நரம்பின்மீதும் ஒரு பழுப்புக் கறை படர்ந்திருக்கும். மாவிற்குரிய பிரதான ஈயிலோ முன்னோரப் பட்டை ஒடுங்கியதாய் நுனிவரை இடையறாது செல்லும். குறுக்கு நரம்பில் கறை இராது. அடுத்து முதுகை நோக்குக. கொடிக்காய் ஈக்கு மஞ்சட் கோடுகள் மூன்று: பக்கத்திற்கு ஒன்றும், நடுவில் ஒன்றும். மா ஈக்கு நடுக்கோடு இல்லை.

வயிற்றின்மேல் குறுக்கே ஒரு கருங்கோடும், அதிலிருந்து கீழிறங்கும் மற்றொரு கோடும் காணப்படின் அது மா ஈ என்று சிலர் கூறுவர். அது நம்பத்தக்க அடையாளமன்று. கொடிக்காய் ஈக்கும் அத்தகைய குறி உண்டு. செத்த ஈயில் மஞ்சள் நிறமும் மங்கிவிடும். சிறகின் கறையே நிலைத்து நிற்பதாகலின் அதனையே முதன்மையாகக் கொள்க.

மாவிலும் கொய்யாவிலும் வேறு இரு ஈக்களும் உண்டு. அவற்றின் முன்னோரப் பட்டை இடையில் அறுந்து, சிறகு நுனியில் சிறு புள்ளி மட்டும் எஞ்சியிருக்கும். முகத்திலுள்ள கரும்புள்ளிகள் ஒன்றில் வட்டமாகவும் மற்றொன்றில் குறுக்கே நீண்டும் இருக்கும். இரண்டும் ஒரே தைலத்துக்கு வருவதால் விவசாயிக்கு அவற்றைப் பிரிக்கும் அவசியமில்லை.

தைலத்தின் பேதமே இங்கு முக்கியம். மேற்கூறிய மூவகை மர ஈக்களின் ஆண்கள் மீதைல் யூஜினாலை நாடும். கொடிக்காய் ஈயின் ஆண் அதனைப் பொருட்படுத்தாது. அதற்கு க்யூலூர் என்பதே வேண்டும். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்பார், சிட்ரொனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் திரண்டு வருதலை 1912-இல் எழுதினார். வருவன யாவும் ஆண்களே என்பதும் அவர் கண்டதே. ஆகவே பொறி நிறைந்தமை கொண்டு பெண் ஈக்கள் ஒழிந்தன எனக் கருதலாகாது. பெண்ணின் வால் நுனியில் முட்டையிடும் ஊசி நீண்டிருப்பதால் அதனை எளிதில் அறியலாம்.

பொறியில் விழுந்தது அண்டைத் தோப்பின் ஈயாகவும் இருக்கலாம் என்பதால், காயிலிருந்தே ஈயை எடுத்துப் பார்ப்பது உத்தமம். புழுவுள்ள காய் நாலைந்தை, ஈரமணல் இட்ட சட்டியில் வைத்து வாயை மெல்லிய துணியால் கட்டுக. புழுக்கள் மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிச் சுமார் பத்து நாட்களில் ஈயாக வெளிவரும். குளிர்காலத்தில் இன்னும் தாமதிக்கும். வெளிவந்த அன்றே பார்த்தால் நிறம் வெளிறியிருந்து ஏமாற்றும். சர்க்கரை நீரில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, நாலு நாள் கழித்துப் பார்க்க. அழுகிய காயில் மொய்க்கும் செங்கண் கொண்ட சிற்றீக்கள் பின்னர் வந்தவை. அவற்றைக் குற்றவாளியாகக் கொள்ளற்க.

இனம் தெரியும்வரை வாளாவிருக்க வேண்டுவதில்லை. உதிர்ந்த காய்களை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பதும், கொடியடி மண்ணைக் கொத்திக் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுவதும் எல்லா இனத்துக்கும் பொருந்தும்.