வகுப்பில் ஒலிக்கும் குரல்

வாழைச்சேனையில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, தீவின் மறுகரையிலுள்ள மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ பிரயாணப்பட நேர்வதும், இரண்டு மூன்று ஆண்டுகள் நீளக்கூடிய அச்சிகிச்சையில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குன்றும் காலங்களில், சாதாரணத் தடிமனும் ஆபத்தாகலாம் என்பதால், சனநெருக்கமான வகுப்பறை விலக்கப்படுவதும் வழக்கம். விட்ட பாடத்தைப் பின்னர் படித்துக்கொள்ளலாம். சகபாடிகளின் சகவாசம் விட்டுப்போனால் மீட்பது அரிது.

இக்குறையை நீக்கும் பொருட்டு, நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் 2015ஆம் ஆண்டு தோன்றிய ‘நோ ஐசொலேஷன்’ நிறுவனம், ‘ஏவி1’ என்னும் சிறு இயந்திரப் பாவையை உருவாக்கிற்று. நோயுற்ற பிள்ளையின் வகுப்பறை மேசைமீது அமர்ந்திருக்கும் அந்தப் பாவை, பிள்ளை வீட்டிலிருந்தபடி கைக்கணினியைத் தொட்டதும் தலையைத் திருப்பும். கேள்வி கேட்க விரும்பினால் அதன் தலைவிளக்கு மின்னும். களைத்திருந்தால் நீலமாக ஒளிர்ந்து, ‘கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். பிள்ளைக்கு வகுப்புத் தெரியுமேயன்றி, மருந்தினால் முடி உதிர்ந்த பிள்ளையின் முகம் வகுப்புக்குத் தெரியாது. என் அபிப்பிராயத்தில் பாவையின் பெருஞ்சிறப்பு இதுவே.

நம்மூருக்குப் பாவைதான் வேண்டுமென்பதில்லை. 2020இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நேத்ரா தொலைக்காட்சியின் ‘குருகுலம்’ பாடங்களுக்கும் வட்ஸ்அப் வகுப்புகளுக்கும் பழகியவர்கள் நாம். ஆகவே, வகுப்பாசிரியர்களே, பெற்றோரின் சம்மதத்தோடு, வாரம் இருமுறையாவது ஒரு கைத்தொலைபேசியை, கமெரா வகுப்பை நோக்கியிருக்க, நோயுற்ற பிள்ளையின் மேசையில் நிறுத்துங்கள். இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயரையும் மறவாமல் கூப்பிடுங்கள்.