ஆபிரகாமின் வாசலில் முகலாயப் பெரியவர்கள்

கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டு நிழலில் துண்டை விரித்து வட்டமாக உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு மை ஓவியம் அந்நியமாகத் தெரியாது. மரத்தடியில் தாடி வைத்த நான்கு பெரியவர்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். வரைந்தவர் ஹாலந்தின் ரெம்பிராண்ட். இந்தியா என்ன, அவர் தன் நாட்டின் எல்லையையே தாண்டாதவர். ஆனால் அவருடைய நாட்டின் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டிவிட்டது. கீழை நாட்டுச் சரக்குகள் ஆம்ஸ்டர்டாமில் வந்து குவிந்தன. முகலாய ஓவியங்களும் அங்கே அவர் கைக்கு எட்டின. அவற்றைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படங்களை மையால் வரைந்தார். இந்த நால்வரைக் காட்டும் முகலாய ஓவியம் இன்று வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனைச் சுவரில் இருக்கிறது.

இந்த நால்வர் பைபிளுக்குள்ளும் நுழைந்தார்கள் என்பதே என் வாதம். ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில், வெயில் நேரத்தில் வந்த மூன்று அந்நியர்களை ஆபிரகாம் ஓடிப்போய் வரவேற்று விருந்து வைக்கிறார்; வந்தவர்களில் ஒருவர் கடவுளே. 1656இல் இக்காட்சியை ரெம்பிராண்ட் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இங்கே மேசை போடுவார்கள். இவரோ விருந்தாளிகளைத் தரையில் அமர்த்தினார். ஆபிரகாமையும் சேர்த்தால் இங்கும் நால்வர்தான். மரத்தடி மட்டும் வீட்டு வாசலாக மாறியது. கையில் கூஜாவோடு பணிந்து நிற்கும் ஆபிரகாம், கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கும் மனைவி சாராள், நமக்கு முதுகைக் காட்டி வில் வளைக்கும் சிறுவனான மகன் இஸ்மவேல் என மற்றவை அந்த முகலாய ஓவியத்தில் இல்லாதவை.

கீழை நாட்டு உடை மீதான ஆசைதானே இது என்று கேட்கலாம். ஆசை இருந்தது, பைபிள் நாட்டையும் இந்தியாவையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் உடைதான் நோக்கம் என்றால் தலைப்பாகையோடு நிறுத்தியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது உட்காரும் முறையை. வட்டத்தில் தலைமாடு இல்லை. கடவுளே ஆனாலும் வீட்டுக்காரனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். விருந்தைச் சொல்லும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. 'வெறும் நகல்' என்று அந்த மை ஓவியத்தை ஒதுக்குவதும் அதனால் தவறு.

இரண்டு படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அருகருகே வைத்து, முகங்களுக்கு முன் அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்.