தோள்வலிக்கு எத்தனை மதிப்பெண்?

தோள்மூட்டுத் தேய்மானம் முற்றியவர்களிடம் "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், ஒருவர் "பரவாயில்லை டாக்டர், சமாளிக்கிறேன்" என்பார். இன்னொருவர் "உயிர் போகுது" என்பார். இருவரின் மூட்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கலாம். இந்தப் பதில்களை மட்டும் நம்பி, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவெடுக்க முடியாது. அதனால்தான் நோயாளியே நிரப்பும் கேள்வித்தாள்கள் வந்தன.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் சுழல்கிறது. இடையில் உள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உரசும். ஓரங்களில் எலும்பு முள்போல வளரும். வயது, பழைய எலும்பு முறிவு, அடிக்கடி தோள் நழுவியது, முடக்குவாதம், நெடுநாள் கவனிக்காமல் விட்ட தசைநார்க் கிழிசல் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' வேறு நோய். அதிலும் கையைத் தூக்க முடியாது. ஆனால் எக்ஸ்ரேயில் மூட்டு பெரும்பாலும் நன்றாகவே தெரியும். அதற்கு மூட்டை மாற்ற வேண்டியதில்லை.

எக்ஸ்ரே போதாதா?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதைக் காட்டாது. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு அன்றாட வேலைகளைச் செய்பவர்கள் உண்டு. சுமாரான தேய்மானத்திலேயே தூக்கம் தொலைத்தவர்களும் உண்டு. தேய்மானத்தின் அளவும் வலியின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

ஆம், இல்லை: 12 கேள்விகள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தோள் அறுவை நிபுணர் ஃபிரெடெரிக் மாட்சனும் அவர் குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் ஓர் எளிய தாளை உருவாக்கினார்கள். பெயர் 'சிம்பிள் ஷோல்டர் டெஸ்ட்'. நிம்மதியாகத் தூங்க முடிகிறதா? முதுகுப்பக்கம் சட்டையைச் செருக முடிகிறதா? தோள் உயரத் தட்டில் முழங்கையை மடக்காமல் ஒரு நாணயத்தை வைக்க முடிகிறதா? சுமார் 9 கிலோ எடையைக் கையில் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்ல முடிகிறதா? இப்படி 12 கேள்விகள். 'ஆம்' எத்தனையோ அதுவே மதிப்பெண்.

பந்தெறிவது பற்றியும் இரண்டு கேள்விகள் உண்டு. பந்தையே தொடாதவர்கள் அவற்றை எப்படி நிரப்புவது என்று மருத்துவரிடம் கேட்கலாம். சடை பின்னுவது, கொடியில் துணி காயப்போடுவது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது என நீங்கள் தினமும் செய்யும் வேலைகளில் எது தடைபடுகிறது என்பதையும் தனியே சொல்லுங்கள்.

100க்கு எவ்வளவு?

அமெரிக்கத் தோள், முழங்கை அறுவை நிபுணர்கள் சங்கம் 1994இல் வெளியிட்ட முறையில் வலிக்கு 50, செயல்திறனுக்கு 50. 0 முதல் 10 வரையிலான அளவில் உங்கள் வலி 7 என்றால், மீதி 3ஐ 5ஆல் பெருக்கி 15. பத்து வேலைகளுக்குத் தலா 3 வீதம் மொத்தம் 30; அதில் 12 வாங்கினால் 50க்கு 20. ஆக மொத்தம் 35.

பிரிட்டனில் 1996இல் வந்த 'ஆக்ஸ்ஃபோர்ட் ஷோல்டர் ஸ்கோர்' கடந்த நான்கு வாரங்களைப் பற்றி 12 கேள்விகள் கேட்கிறது. இன்றைய கணக்கீட்டில் 48 எடுத்தால் நல்ல தோள். 'டாஷ்' என்ற கேள்வித்தாளில் கணக்கு தலைகீழ்: எண் கூடக்கூடப் பாதிப்பும் கூடுதல். ஆகவே எந்தத் தாளின் மதிப்பெண் என்பது தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது.

நிரப்பும்போது கவனியுங்கள்

• பிள்ளைகள் நிரப்ப வேண்டாம். எழுதத் தெரியாதவருக்கு அவர்கள் வாசித்துக் காட்டலாம். பதில் நோயாளியுடையதாக இருக்கட்டும்.
• கேள்வி இன்றைய வலியைக் கேட்கிறதா, நான்கு வார நிலையைக் கேட்கிறதா என்று பாருங்கள்.
• வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள்.
• டாஷ் தவிர மற்ற தாள்களில், நல்ல கையால் செய்துகொள்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
• கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்கினாலோ விரல்கள் மரத்துப்போனாலோ மறைக்காதீர்கள். கோளாறு கழுத்தில் இருக்கலாம்.
• மனச்சோர்வும் பயமும் மதிப்பெண்ணை மோசமாக்கும். அவற்றையும் மருத்துவரிடம் பேசலாம்.

மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வார்கள்?

இந்த எண்ணுக்குக் கீழே போனால் அறுவை என்று பொதுவான கோடு எதுவும் கிடையாது. மருந்து, பிசியோதெரபி, ஊசி எல்லாம் பார்த்தும் மதிப்பெண் மோசமாகவே நின்றால், அறுவையின் பலனைப் பற்றிப் பேச அது நல்ல ஆதாரம். ஏற்கெனவே நல்ல மதிப்பெண் உள்ளவருக்கு அறுவையால் கூடக்கூடியது குறைவு. ஆனால் கிருமித்தொற்று, மூட்டு நழுவுதல் போன்ற ஆபத்துகள் அவருக்கும் உண்டு. காத்திருப்பது அவருக்கு நல்லதாக இருக்கலாம்.

அறுவைக்குப் பின் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அதே தாளை மறுபடி நிரப்பினால்தான் எவ்வளவு முன்னேற்றம் என்று தெரியும். முதல் தாள் இல்லையென்றால் ஒப்பிட எதுவுமில்லை. அறுவைத் தேதி குறிக்கும் முன்பே அதைக் கேட்டு நிரப்புங்கள். ஒரு நகலை எக்ஸ்ரேயோடு சேர்த்து உங்கள் ஃபைலில் வையுங்கள்.