ராத்திரி மாத்திரையும் ஒரு குவார்ட்டரும்

இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நோயாளியின் கையில் ரத்தம் உறையாமல் காக்கும் அசிட்ரோமோ வார்ஃபரினோ கொடுத்து அனுப்புகிறார்கள். கூடவே சில கண்டிப்புகள்: கீரையைத் திடீரென்று கூட்டாதே, குறைக்காதே, வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீயாக வாங்கிப் போடாதே, குடிக்காதே. முதல் இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்பவர்கள் மூன்றாவதில் மட்டும் பேரம் பேசத் தொடங்குகிறார்கள். மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்? மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொண்டால் ராத்திரியில் கொஞ்சம் போடலாமா? மாத்திரையும் மதுவும் வயிற்றில் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கைதான் இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை.

இந்த மாத்திரை வேலை செய்யும் இடம் வயிறு அல்ல, கல்லீரல். ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் நான்கைக் கல்லீரல் வைட்டமின் கே-யின் உதவியோடு தயாரிக்கிறது. மாத்திரை அந்த உதவியைத் தடுக்கிறது. ஏற்கெனவே தயாராகி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதங்களை அது தொடுவதில்லை. அவை தாமாகக் கரைய வேண்டும். அவற்றில் ஒன்று சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும். இன்னொன்று பாதியாவதற்கு இரண்டரை நாள் வரை ஆகும். அதனால்தான் இன்று விழுங்கிய மாத்திரையின் முழுப் பலன் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரிகிறது. வார்ஃபரின் மருந்தே உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 40 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆக, இன்று ராத்திரி குடிப்பவரின் உடம்பில் நேற்றைய மாத்திரையும் முந்தாநாள் மாத்திரையும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. மாத்திரை இல்லாத இடைவேளை என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

இந்த மருந்தின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் அளவு ஏன் இத்தனை முக்கியம் என்பது புரியும். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளிலும், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கின் ஆய்வகம் அதற்குக் காரணமான வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் முதலில் கடைக்கு வந்தது. மனிதர்களுக்கு 1954இல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். எலியைக் கொல்வதும் மனிதனைக் காப்பதும் ஒரே பொருள், அளவு மட்டும்தான் வேறு. அந்த அளவைக் காட்டுவது ஐ.என்.ஆர். பரிசோதனை. மாத்திரை எடுக்காதவருக்கு அது 1 அளவில் இருக்கும். செயற்கை உலோக வால்வு பொருத்தியவருக்கு, எந்த வால்வு என்பதைப் பொறுத்து, பெரும்பாலும் 2-லிருந்து 3-க்குள்ளோ 2.5-லிருந்து 3.5-க்குள்ளோ நிற்க வேண்டும். கீழே இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி. மிகவும் மேலே போனால் மூளையிலோ குடலிலோ கசிவு.

மது இந்த எண்ணை ஒரே திசையில் தள்ளினால்கூடச் சமாளிக்கலாம், அதற்கேற்ப மாத்திரையைக் குறைத்துவிடலாம். அது இரண்டு பக்கமும் இழுக்கிறது என்பதுதான் சிக்கல். ஒரே நாளில் நிறையக் குடித்தால் கல்லீரல் மாத்திரையை உடைத்து வெளியேற்றும் வேலை மெதுவாகும், ஐ.என்.ஆர். ஏறும். அன்று சாப்பாடும் சரியாக இறங்காது, வைட்டமின் கே குறையும், இன்னும் ஏறும். தினமும் குடிப்பவருக்கு நேர்மாறாக நடக்கலாம்: கல்லீரலின் நொதிகள் பழகிப்போய் மாத்திரையை வேகமாக உடைக்கத் தொடங்கும், ஐ.என்.ஆர். இறங்கும். பல வருடம் போய்க் கல்லீரலே கெட்டுவிட்டால் மறுபடி ஏறும், ரத்தத் தட்டணுக்களும் குறையும். சனிக்கிழமை மட்டும் குடிப்பவரின் எண் வாரம் முழுக்க ஊஞ்சலாடும். செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்து வரும் முடிவைப் பார்த்து டாக்டர் மாத்திரையை மாற்றுவார், அந்த மாற்றம் அடுத்த சனிக்கிழமைக்குப் பொருந்தாது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக இத்தகைய மருந்து எடுப்பவர்களின் ரத்தக்கசிவு அபாயத்தைக் கணிக்க 2010இல் வெளியான ஹாஸ்-பிளெட் என்ற மதிப்பெண் முறையில், நிலையில்லாத ஐ.என்.ஆருக்கு ஒரு மதிப்பெண், வாரத்துக்கு எட்டு பானமோ அதற்கு மேலோ மது என்பதற்குத் தனியாக இன்னொன்று. நிறையக் குடிப்பவருக்கு இரண்டுமே சேர்ந்து வரலாம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. வெளிநாட்டு மருத்துவக் குறிப்புகள் கொஞ்சம் குடித்தால் பரவாயில்லை என்றுதானே சொல்கின்றன? சொல்கின்றன, பொய்யில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு வார்ஃபரினும் சாப்பாட்டோடு ஒயினும் கொடுத்துப் பார்த்து 1979இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் ரத்தம் உறையும் நேரம் மாறவில்லை. ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? அமெரிக்கக் கணக்கில் ஒரு பானம் என்பது 14 கிராம் சுத்தமான ஆல்கஹால். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடைக்கு மாற்றினால் சுமார் 60 கிராம். அமெரிக்கக் கணக்கில் நான்கு பானத்துக்கும் மேல். பிரிட்டனில் ஒரு வாரம் முழுவதற்கும் சொல்லப்படும் வரம்பு சுமார் 112 கிராம். ஒரு குவார்ட்டரில் அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. பீர்தானே என்பவரும் 650 மில்லி பாட்டிலில், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால், சுமார் 40 கிராம் குடிக்கிறார். லண்டன்காரர் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பதற்குச் சொன்ன சலுகையைப் பாரில் நின்றபடி பத்து நிமிஷத்தில் தீரும் குவார்ட்டருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் நெஞ்செலும்பு அறுத்துக் கம்பி போட்டுத் தைக்கப்பட்டதும் அல்ல. அறுவை முடிந்த முதல் மாதங்களில் மருந்தின் அளவே இன்னும் படியவில்லை, வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் வந்துபோய்க்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு சொட்டும் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம் ஊர் நோயாளிகளின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சின்ன வயதில் தொண்டைப் புண்ணில் தொடங்கி வால்வைத் தின்னும் ருமாட்டிக் காய்ச்சல் இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் குறைந்த விலை வால்வை உருவாக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்தியதற்கு அந்த நோயாளிகளே காரணம். இருபத்தைந்து முப்பது வயதில் உலோக வால்வு பொருத்திக்கொண்டவர், அதன் பின் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர். கல்யாணம், திருவிழா, கூட்டாளிகள் என்று நாற்பது வருட வாழ்க்கை பாக்கியிருப்பவரிடம் ‘குடிக்காதே’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஆலோசனையை முடித்துக்கொள்வது போதாது.

அது போதாததன் விளைவுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. குடிக்கக் கூடாது என்று மட்டும் கேட்டவர், குடிக்கிற அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுகிறார். இரண்டும் சேரக் கூடாது, அவ்வளவுதானே! பொறுப்பாக நடந்துகொள்வதாகவே அவர் நினைக்கிறார். இப்படி மாதத்தில் நாலைந்து நாள் விடுபட்டால் வால்வின் தட்டு அசையும் இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம்; திடீர் மூச்சுத்திணறலோடு உயிருக்குப் போராட வேண்டிவரும், அல்லது கட்டி உடைந்து மூளைக்குப் போய் ஒரு பக்கம் விழுந்துவிடும். குடித்துவிட்டாலும் மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில் போட வேண்டும், மறந்ததற்கு மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது, நிறையக் குடித்திருந்தால் அதைச் சொல்லிச் சீக்கிரமே ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னால் குடிப்பதற்கு அனுமதி கொடுத்ததாகிவிடாதா என்று டாக்டர்கள் தயங்குவது புரிகிறது. சிலர் அப்படி எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள். ஆனால் சொல்லாமல் விடுவதால் குடி நிற்பதில்லை, மாத்திரைதான் நிற்கிறது.

புது மாத்திரைகள் வந்துவிட்டனவே, ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று, ஐ.என்.ஆரே பார்க்க வேண்டாமாமே என்பார்கள். மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்கு அவற்றைக் கொடுக்கிறார்கள். உலோக வால்வுக்கு அவை உதவாது. அவற்றோடு மதுவின் மோதல் குறைவுதான். ஆனால் இரைப்பையை மது புண்ணாக்குவதும், குடித்தவர் தடுமாறி விழுவதும் எந்த மாத்திரையாக இருந்தாலும் மாறப்போவதில்லை. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் எடுப்பவருக்கும் இதே கதைதான்.

விழுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகளில் இருப்பவர் தலையில் அடிபட்டால் மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ மூளையை அழுத்தலாம். வெளியில் காயமே தெரியாமல் இருக்கலாம். பேச்சு குழறும், வாந்தி வரும், தூங்கி வழிவார். குடித்தவருக்கும் இதே அறிகுறிகள். போதை தெளியட்டும் என்று வீட்டார் போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். ரத்த மாத்திரை சாப்பிடுபவர் குடித்து விழுந்தார் என்றாலே, எழுந்து நன்றாகப் பேசினாலும், சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரையின் பெயரை முதலிலேயே சொல்ல வேண்டும்.

தினசரிக் குடிகாரருக்கு வேறொரு எச்சரிக்கை உண்டு. அறுவைக்காக அட்மிட் ஆனதும் அவருக்குக் குடி சட்டென்று நின்றுபோகிறது. இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், பிதற்றல், சிலருக்கு வலிப்பு வரலாம். தைத்த நெஞ்சோடு கட்டிலில் இருந்து எழுந்தோடப் பார்ப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் அறுவையைச் சில வாரம் தள்ளியும் வைக்கலாம். வீட்டுக்கு வந்தபின் தானாகத் திடீரென்று நிறுத்த நினைப்பவரும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்; குடி நின்றதும் கல்லீரல் மாத்திரையைக் கையாளும் வேகமும் மாறும், பழைய அளவு சில வாரங்களில் அதிகமாகிப்போகலாம்.