நாற்பதைக் கடந்தபின் கூடிச் செய்யும் உடற்பயிற்சி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மும்பை தாதர் பகுதியிலுள்ள எங்கள் கிளையில் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை முகாம் ஒன்று நடைபெற்றது. எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் குறித்து ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டைக் கொடுத்தனர். மாலையில் அன்றைய கணக்கை முடித்தபின் அச்சீட்டுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். நாற்பதைக் கடந்த அனைவருடைய சீட்டிலும் ஓர் எண்ணேனும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. தாதர் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று, கைப்பேசியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்ளும் வழக்கம் தமக்கும் உண்டு என்று அன்றுதான் பலரும் ஒப்புக்கொண்டனர்.

நாற்காலியில் அமர்ந்தே செய்யும் தொழில் இதயத்துக்கு உகந்ததன்று என்பது புதிய செய்தியல்ல. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர் 1953-ஆம் ஆண்டிலேயே லண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறியும் இறங்கியும் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே இருந்தது. ஒரே பேருந்து, ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே வருவாய், வேறுபாடு படிகளில்தான். இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. முப்பது வயதுக்குப் பின், பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசையின் அளவு குறைந்துவருகிறது. இவ்விழப்பு எந்த அறிக்கையிலும் வருவதில்லை. தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாத அன்றே தெரியவருகிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுவதும் இதனால்தான். நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்று எண்ணுவோர் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர்.

இவையெல்லாம் எங்களுக்கு ஓரளவு முன்பே தெரியும். தெரிந்தும் செய்யவில்லை என்பதே உண்மை. எங்களுள் மூவர் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஓராண்டுச் சந்தாவை முன்னதாகவே செலுத்திவிட்டு, இரண்டு மாதங்களுக்குள் போவதை நிறுத்தியவர்கள். கடன் தவணை தவறுவோருக்கு நாள்தோறும் அறிவுரை கூறும் நாங்கள் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே, அறுவர் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு சிவாஜி பார்க் மைதானத்தில் கூடுவது என்று முடிவு செய்தோம். அதிகாரி ஒருவர், பணப்பிரிவு ஊழியர் ஒருவர், எழுத்தர் இருவர், வாடிக்கையாளர்களான ஓர் அச்சக உரிமையாளரும் ஒரு பள்ளி ஆசிரியையும். பணப்பிரிவில் பணியாற்றும் அம்மையாருக்கு வயது ஐம்பத்திரண்டு. மராத்தியில் அக்காவைத் ‘தாயி’ என்பர், எங்கள் அனைவருக்கும் அவர் தாயி. அச்சக உரிமையாளர் எல்லாருக்கும் ‘காகா’. சச்சின் டெண்டுல்கர் அச்ரேக்கரிடம் கிரிக்கெட் பயின்ற மைதானம் அது. ஒரு புறம் சிறுவர்கள் பந்து வீசிக்கொண்டிருப்பர். வேறொரு புறம் மல்லர் கம்பத்தில் சிறுமியர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பர். அவர்களுக்கு நடுவே பஸ்கி எடுக்க முதல் வாரம் கூச்சமாகவே இருந்தது. எவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது புரிய இன்னொரு வாரமாயிற்று.

முதல் மாதத்தில் நாங்கள் ஒரு பெரும் பிழை செய்தோம். மைதானத்தைச் சுற்றியுள்ள குட்டைச் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். யார் எத்தனை நிமிடத்தில் சுற்றி வந்தார் என்பதைக் குறித்து, நாள்தோறும் வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாக வெளியிட்டோம். வைப்புத்தொகை இலக்கைப் பட்டியலிட்டுப் பழகிய புத்தி. பட்டியலில் எப்போதும் கடைசிப் பெயர் தாயியுடையது. மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. முழங்கால் வலி என்றார். அலுவலகத்தில் முன்போலவே சிரித்துப் பேசினார். காலையில் மட்டும் வரவில்லை. ஆசிரியைதான் அவருடைய வீட்டுக்குச் சென்று காரணத்தைக் கேட்டறிந்து வந்தார். “நான் கடைசி என்பது எனக்குத் தெரியாதா? அதை ஏன் தினமும் எழுதிக் காட்ட வேண்டும்?” என்று தாயி கேட்டாராம். எங்களுள் எவருக்கும் அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. அன்றே பட்டியலை நிறுத்தினோம்.

போட்டியே கூடாது என்பதன்று. எத்தகைய போட்டி என்பதே கேள்வி. 1920-களில் ஜெர்மானிய உளவியலாளர் ஓட்டோ கோலர், பெர்லின் நகரின் படகு வலிப்போர் சங்கத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார். எடையைத் தனியே தூக்கச் செய்தார். பின்னர் இருவர் சேர்ந்து தூக்கும் எடையைக் கொடுத்தார். ஒருவர் கை தளர்ந்தால் மற்றவரால் தனியே தாங்க முடியாது. அந்நிலையில் இருவருள் வலுக்குறைந்தவர், தனியே செய்ததைக் காட்டிலும் நெடுநேரம் தாக்குப்பிடித்தார். தன்னால் மற்றவர் தோற்கக் கூடாது என்னும் எண்ணம், தான் வெல்ல வேண்டும் என்னும் எண்ணத்தைவிட உடலை நீண்ட நேரம் இயக்குகிறது போலும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. இருவருக்கும் இடையிலான வேறுபாடு மிதமாக இருக்கும்போதுதான் இவ்விளைவு மிகுதி. எட்டாத தொலைவில் இருப்பவரோடு இணைத்தால் ஊக்கம் பிறப்பதில்லை. எங்கள் பட்டியல் செய்தது இதற்கு நேர்மாறான வேலை.

கோணிப்பைகளில் மணல் நிரப்பி, இரண்டிரண்டு பேராக இரு முனைகளையும் பிடித்துச் சுமந்து நடக்கும் பயிற்சியைத் தொடங்கினோம். ஆசிரியை மீண்டும் சென்று அழைத்ததன்பேரில் தாயி வந்தார், ஆசிரியைக்கே இணையானார். இருபது ஆண்டுகளாக நாணயப் பைகளைத் தூக்கி அடுக்கிய கைகள் அவருடையவை என்பதை நாங்கள் மறந்திருந்தோம். அன்று முதலில் பையைத் தரையில் வைத்த இணை அதிகாரியும் எழுத்தரும். கடைசிவரை நடந்தது தாயியின் இணை. அவருடைய ஓட்டம் இன்றும் மெதுவானதுதான். அதைப் பற்றி அவரும் கவலைப்படுவதில்லை, நாங்களும் கணக்கெடுப்பதில்லை.

நட்பைப் பற்றியும் சிறிது விளக்க வேண்டும். இடமாற்றம் என்பது எங்கள் பணியின் இயல்பு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாறுகிறது, பிள்ளைகளின் பள்ளி மாறுகிறது. பழைய நண்பர்கள் பண்டிகை நாள் வாழ்த்துச் செய்தியாகச் சுருங்கிவிடுகின்றனர். நாற்பதுக்குப் பின் புதிய நண்பர் கிடைப்பது அரிது என்று பலரும் கருதுவதற்கு, மனம் இறுகிவிட்டது என்பதைவிட நேரம் இல்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் ஒருவர் ஓரளவு பழகிய நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராவதற்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. பணியிடத்தில் வேலைக்காகச் சேர்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாகப் பயன் தருவதில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஒரே கிளையில் எட்டு மணி நேரம் அருகருகே அமர்ந்தும், அவரவர் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாதிருந்தது ஏன் என்பது எங்களுக்கு அப்போது விளங்கிற்று.

கணக்கிட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. அதன்பின் குட்டைச் சுவரில் அமர்ந்து ‘கட்டிங் சாய்’ அருந்தும் கால்மணி நேரம். வாரத்துக்கு மூன்றே முக்கால் மணி. 50 மணி நேரம் சேரப் பதினான்கு வாரம், 90 மணிக்கு இருபத்து நான்கு வாரம், 200 மணிக்கு ஓராண்டும் சில நாள்களும். மேலும், சேர்ந்து உழைக்கும் நேரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு போலும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டும் மாணவர்களிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அதே பயிற்சியைத் தனியே செய்தபோது இருந்ததைவிடச் சேர்ந்து செய்தபின் அவர்களுடைய வலி தாங்கும் திறன் கணிசமாக உயர்ந்திருந்தது. உடலில் சுரக்கும் எண்டார்ஃபின் என்னும் பொருளே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

நட்பின் பயன் எங்களுக்கு ஒரு நாள் நேரிலேயே தெரிந்தது. காகா சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். ஒரு நாள் காலை எதுவும் உண்ணாமல் வந்துவிட்டார். நான்காம் சுற்றுப் பஸ்கியின்போது எட்டுக்குப் பின் மீண்டும் ஆறு என்று எண்ணினார். நாள் முழுவதும் தாள்களை எண்ணுபவர் எண்ணிக்கை தவறியது இணையாக நின்ற எழுத்தருக்கு உறைத்தது. முகத்தைப் பார்த்தார், வியர்வை ஆறாக ஓடியது, கை நடுங்கியது. உடனே அமரவைத்துக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் தெளிந்தார். அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் சென்றோம். இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், சிலவகைச் சர்க்கரை மாத்திரை உண்போருக்கும் வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். எனவே, நாற்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குவோர், குறிப்பாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளோர், முதலில் மருத்துவரைக் கலந்தாலோசிப்பது இன்றியமையாதது. பயிற்சியின்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால், அதைத் தசைவலி என்று எண்ணித் தொடரக் கூடாது.

தொடங்குவதற்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. நல்ல காலணியும் நான்கைந்து பேரும் போதும். பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளலாம். பின்னர் நாற்காலி உயரத்துக்கு மட்டும் அமர்ந்து எழும் பஸ்கி, சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டால், சுமை நடை ஆகியவற்றைச் செய்து, இறுதியில் மெதுவாக நடந்து முடிக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான பயிற்சிக்கு அதுவே அளவு. மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிடுவதால், ஜூன் முதல் நாங்கள் காகாவின் அச்சகத்து வாகன நிறுத்துமிடத்துக்கு மாறிவிடுகிறோம்.

அண்மையில் எழுத்தர்களுள் ஒருவர் பதவி உயர்வு பெற்று நாக்பூருக்கு மாற்றலாகிச் சென்றார். வழியனுப்பும் நாளில் தாயி அவருக்கு ஒரு வெற்றுக் கோணிப்பையைப் பரிசாகக் கொடுத்தார். சென்ற வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது: மைதானம் கிடைத்துவிட்டதாம், மணலும் கிடைத்துவிட்டதாம். பையின் மறுமுனையைப் பிடிக்க வாடிக்கையாளர் ஒருவர் திங்கட்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.