தூங்கி எழுந்ததும் கை விளங்கலையா?

"ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தார் டாக்டர். காலையில வாய் கோணியிருக்கு, வலது கையைத் தூக்க முடியலை. தைலம் போட்டா சரியாயிடுமா?"

ரெட்டியார்பாளையத்தில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. புறா ரத்தத்தைத் தேய்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு!

யூகி முனிவர் வாத நோய்களை 80 என்று வகுத்தார். பக்கவாதமும் வாத நோய்தான். ஆனால் தைலம், தொக்கணம் எல்லாவற்றுக்கும் பிறகு நேரம் இருக்கிறது. முதல் நாள் வைத்தியம் என்னிடம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

"ராத்திரியே வந்திருக்கும். இனிமே ஓடி என்ன பிரயோஜனம்?" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு என்பது வாஸ்தவம். தூக்கத்தில் வந்தது எத்தனை மணிக்கு வந்தது என்று யார் கண்டது? அப்படிப்பட்டவர்களுக்கு இப்போது கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில்லை, மூளையையே பார்க்கிறார்கள்.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் பயிர் முழுக்க ஒரேயடியாய்க் கருகுவதில்லை. சில பாத்தி காய்ந்துவிடும். சில பாத்தி பக்கத்து வயலிலிருந்து கசியும் ஈரத்தில் வாடி நிற்கும். மூளையும் அப்படித்தான். வாடிய பாகம் எவ்வளவு என்று தெரிந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம் அல்லவா?

அதற்குத்தான் பர்ஃப்யூஷன் ஸ்கேன். கையில் சாய மருந்தை ஏற்றி, அது மூளைக்குள் பரவுவதை அடுத்தடுத்துப் படமெடுப்பார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான 'ராபிட்' போன்ற கம்ப்யூட்டர் புரோகிராம் சில நிமிஷங்களில் கணக்குப் போட்டுவிடும். ரத்த ஓட்டம் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடம் கருகியது. ரத்தம் 6 விநாடிக்கு மேல் தாமதமாய் வந்து சேரும் மற்ற இடம் வாடியது. கருகியது கொஞ்சம், வாடியது நிறைய என்றால், தொடை இடுக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கலாம்.

2018-ல் வெளியான 'டிஃப்யூஸ் 3' ஆய்வில், 6 முதல் 16 மணி நேரம் கடந்தவர்களை இப்படித் தேர்ந்தெடுத்தார்கள். கட்டியை எடுத்தவர்களில் 45 சதவீதம் பேர் 90 நாளில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம்தான். அதே ஆண்டு வந்த 'டான்' ஆய்வு 24 மணி நேரம் வரை போனது.

உடனே "24 மணி நேரம் இருக்கே" என்று காபி போடப் போய்விடாதீர்கள்! பெரிய ரத்தக்குழாய் அடைத்து, வாடிய பாகம் மிச்சமிருப்பவர்களுக்குத்தான் இது. நோயாளி தலையை ஆட்டினாலோ, பழைய பக்கவாதத் தழும்பு இருந்தாலோ கம்ப்யூட்டரும் ஏமாறும். முடிவு நரம்பியல் டாக்டருடையது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கோரிமேடு ஜிப்மர் கிட்டத்தில்தான். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து. கஷாயமும் வேண்டாம், புரையேறும். சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ராத்திரி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார், நடந்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.